முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்களா? கருத்துத் திருட்டு நுழையாமல் எழுதும் வழி

ஆய்வு மாணவர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "பர்சன்டேஜ் எவ்வளவு வந்துச்சு?" கட்டுரையின் சொற்கள் வேறு எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் காட்டும் எண் அது. கட்டுரை எதைப் பற்றியது, அதில் என்ன கண்டுபிடித்தார் என்பதெல்லாம் அப்புறம்தான். பத்துக்குக் கீழே வந்தால் நிம்மதி. மேலே போனால் வார்த்தைகளை மாற்றித் தரும் ஆளையோ மென்பொருளையோ தேடி ஓட்டம். புதிதாக எழுத வருபவர்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். கருத்துத் திருட்டைத் தடுக்கும் வேலை, எழுதி முடித்த கட்டுரையை மென்பொருளில் ஏற்றும் நாளில் தொடங்குவதில்லை. முதல் பேப்பரை வாசித்து முதல் குறிப்பை எழுதும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எதெல்லாம் திருட்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வரிக்கு வரி நகலெடுப்பது திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற வகைகளில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். ஒருவரின் வாதத்தை எடுத்துக்கொண்டு, வாக்கியங்களை மட்டும் மாற்றி, அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது திருட்டு. பெயரைச் சொல்லிவிட்டு அவர் வாக்கியங்களையே மேற்கோள் குறி இல்லாமல் போடுவதும் தவறுதான். படிப்பவர் அந்த நடை உங்களுடையது என்று நம்பிவிடுவார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதினாலும், தமிழ் நூல் ஒன்றின் கருத்தை ஆங்கிலக் கட்டுரையில் வைத்தாலும், மூலத்தைச் சொல்லாவிட்டால் திருட்டே. படம், அட்டவணை, தரவு, கணினி நிரல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவில் இதற்குச் சட்ட வடிவம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள் ஒத்துப்போகும் அளவை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10க்கு மேல் 40 வரை போனால், குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதத்துக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வெளியிடும் கட்டுரைகளுக்குத் தனித் தண்டனை: கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வதில் தொடங்கி, ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், சில ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கத் தடை என்று போகிறது.

இந்த எண்கள் பல்கலைக்கழகத்துக்கானவை. ஆய்விதழ்கள் இந்தப் பத்து சதவீதக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஒத்துப்போகும் அளவு எட்டே சதவீதமாக இருந்தும், அந்த எட்டும் ஒரே கட்டுரையின் முடிவுரையிலிருந்து வந்திருந்தால், ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பவும் வேண்டும்.

குறிப்பெடுக்கும் இடத்தில்தான் பாதி வேலை

தெரிந்தே திருடுபவர்களை விட்டுவிடுவோம். நல்ல எண்ணத்தோடு எழுதுபவர்களின் கட்டுரையில் அடுத்தவர் வரி எப்படி நுழைகிறது? பெரும்பாலும் இப்படி: ஒரு பிடிஎஃப் திறந்திருக்கும், பக்கத்தில் வேர்ட் கோப்பு திறந்திருக்கும். நல்ல பத்தி ஒன்று கண்ணில் படும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று காப்பி செய்து ஒட்டுவார்கள். நான்கு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது எது தன் வரி, எது ஒட்டிய வரி என்று அவர்களுக்கே தெரியாது.

இதைத் தவிர்க்கப் பழக்கம் ஒன்று போதும். வாசிக்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று வகை எழுத்து மட்டும் இருக்கட்டும். மூலத்தின் சொற்கள் அப்படியே வேண்டும் என்றால், மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டு, வேறு நிறத்தில். மூலம் சொல்வதை உங்கள் சொற்களில் சுருக்கியது, கறுப்பில். அதைப் படித்தபோது உங்களுக்குத் தோன்றிய கேள்வி, எதிர்ப்பு, யோசனை எல்லாம் மூன்றாவது நிறத்தில். கட்டுரை எழுத உட்காரும்போது உங்களுக்கு மிகவும் உதவப்போவது இந்த மூன்றாவது நிறம்தான், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் புதிதாக இருக்கப்போவது அதிலிருந்துதான் வரும்.

கட்டுரை எழுதும் கோப்புக்குள் பிடிஎஃப்பிலிருந்து நேரடியாக எதையும் ஒட்டாதீர்கள். குறிப்புக் கோப்பு வழியாகத்தான் எதுவும் உள்ளே வர வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள்.

மேற்கோள்களைப் பராமரிக்க ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதுமானது. மெண்டலியும் பலர் பயன்படுத்துவது. ஸோட்டெரோவில் இன்னொரு வசதி: உங்கள் சேமிப்பில் இருக்கும் பேப்பர் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டால், அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்தைப் பார்த்து எச்சரிக்கை காட்டும். திரும்பப் பெறப்பட்ட ஆய்வின்மேல் உங்கள் வாதத்தைக் கட்டாமல் இருக்க இது உதவும்.

நீங்கள் படிக்காத நூலைப் படித்ததுபோல் மேற்கோள் காட்டுவதையும் இந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு பேப்பரில் வேறொரு பழைய பேப்பரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியை எடுத்து, பழைய பேப்பரையே படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பார்கள். முதலாமவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறும் சேர்ந்தே உங்கள் கட்டுரைக்குள் வரும். மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் நூலில் மேற்கோளாக வந்தது என்று நேர்மையாகக் குறிப்பிடுங்கள்.

வார்த்தை மாற்றுவது வேறு, சொந்தமாக எழுதுவது வேறு

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கீழே இருப்பது மூலக் கட்டுரையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (விளக்குவதற்காக நானே எழுதியது):

"அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பு ஹார்மோன்களைக் குலைத்து, அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மேலும், இலைகளை உண்ணும் விருப்பத்தையும் கணிசமாகக் குறைக்கிறது."

புதியவர் ஒருவர் இதை 'மாற்றி' எழுதுகிறார்:

"அசாடிராக்டின் புழுக்களின் தோல் உரியும் ஹார்மோன்களைப் பாதித்து, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துகிறது. அத்துடன், இலைகளைத் தின்னும் ஆர்வத்தையும் பெருமளவு குறைக்கிறது."

மென்பொருள் இதை விட்டுவிடக்கூடும். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாக்கியங்களின் எண்ணிக்கை, வரிசை, 'மேலும்' வந்த இடத்தில் 'அத்துடன்' என எல்லாமே மூலத்தின் எலும்புக்கூடு. மேலே தோல் மட்டும்தான் வேறு. துறை தெரிந்த மதிப்பாய்வாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். போதாததற்கு 'பூச்சிகள்' 'புழுக்கள்' ஆனதில் பொருளும் சுருங்கிவிட்டது.

இப்போது மூலத்தை மூடி வைத்துவிட்டு, அது உங்கள் ஆய்வுக்கு ஏன் வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்:

"வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை, தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்து மெல்ல ஒடுக்குகிறது [12]. அதனால் தெளித்த மறுநாள் இறந்திருந்த புழுக்களை மட்டும் கணக்கிடாமல், ஏழாம் நாளிலும் எண்ணிக்கை எடுத்தோம்."

செய்தி அதே செய்தி, மூலத்துக்கு உரிய மேற்கோளும் இருக்கிறது. ஆனால் இங்கே அந்தச் செய்தி உங்கள் ஆய்வு முறைக்குக் காரணமாகிவிட்டது. இப்படி எழுதினால் சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையே வராது. மூடி வைத்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லையா? அப்படியானால் அந்தப் பேப்பர் இன்னும் புரியவில்லை. திரும்பப் படியுங்கள், நெறியாளரிடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுதி முடித்த பிறகு மூலத்தை மறுபடி திறந்து, உண்மை சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட மறக்காதீர்கள். நேரடி மேற்கோளை, மூலத்தின் சொற்களே முக்கியமான இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வரையறை, ஒரு சட்டப் பிரிவு, விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு கூற்று, இலக்கிய ஆய்வில் ஒரு பாடல். அறிவியல் கட்டுரைகளில் இதற்குத் தேவை மிகக் குறைவு.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்பவர்களுக்கு

நம் மாணவர்களில் பலர் நகலெடுப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான் காரணம். "என் இங்கிலீஷ் நல்லாயிருக்காது சார், அவங்க வரி நல்லாயிருக்கு." இந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இதற்கு ஒரு வழி, முன்னுரையையும் விவாதப் பகுதியையும் முதலில் தமிழிலேயே எழுதிவிடுவது. பேச்சுத் தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. வாதம் உங்கள் தலைக்குள் வரிசையாகிவிடும். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியங்களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். இலக்கணப் பிழையை மொழித்திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். ஒட்டிய பத்தியைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

வாக்கியங்களை மாற்றித் தரும் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். 2021இல் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கருவிகள் விட்டுச்செல்லும் தடயங்களை வெளிக்கொண்டுவந்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' (போலி உணர்வு). 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதற்கு 'பூசம் பெரில்' (bosom peril, மார்பு ஆபத்து). கருவிக்குத் துறைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இணைச்சொல்லைப் போட்டுவிட்டது. இப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இப்போது நிரல் இருக்கிறது. கட்டுரை வெளிவந்து பல ஆண்டுகள் கழித்தும் பிடிபடலாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்கும் ஒரு வார்த்தை. மொழியைச் செப்பனிட எந்த அளவு பயன்படுத்தலாம் என்பது ஒவ்வோர் இதழுக்கும் மாறுகிறது. ஆசிரியர்களுக்கான வழிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு நெறிமுறைகளை வகுக்கும் கோப் (COPE) அமைப்பு 2023இல் இரண்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்தக் கருவி ஆசிரியராக இருக்க முடியாது, பயன்படுத்தியிருந்தால் எதற்கு, எப்படி என்று கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது தரும் மேற்கோள்களை ஒருபோதும் அப்படியே நம்பாதீர்கள். இல்லாத பேப்பருக்கு இருப்பதுபோல் தலைப்பு, ஆண்டு, இதழ் எல்லாம் தரும். ஒவ்வொன்றையும் டிஓஐ எண் (கட்டுரைக்கென்று இருக்கும் நிலையான இணைய அடையாள எண்) போட்டுத் திறந்து, கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

உங்கள் பழைய எழுத்தும், அடுத்தவர் படமும்

"என் கட்டுரையிலிருந்து நானே எடுத்தால் என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் இதழ் வெளியிடுவது புதிய ஆய்வு என்று நம்பித்தான் படிக்கிறார்கள். ஒரே முடிவை இரண்டு இடத்தில் புதியதுபோல் வெளியிட்டால், பின்னால் தொகுத்துப் பார்ப்பவர் ஒரு சோதனையை இரண்டாக எண்ணிவிடுவார். மருத்துவத்தில் இது நோயாளி வரைக்கும் போகும் ஆபத்து. யூஜிசியும் 2020இல் சொந்த எழுத்தை மறுபடி வெளியிடுவது பற்றித் தனி அறிவிப்பு கொடுத்தது. ஆய்வு முறைப் பகுதியில் ஓரளவு ஒற்றுமையை ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரே கருவியை ஒரே விதமாகப் பயன்படுத்தியதை எத்தனை விதமாகத்தான் எழுதுவது? அங்கேயும் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டிவிடுங்கள். முடிவும் விவாதமும் மட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். மாநாட்டுக் கட்டுரையை விரித்து இதழுக்கு அனுப்பினால், அதை ஆசிரியருக்கான கடிதத்தில் முதலிலேயே சொல்லுங்கள். பிஎச்.டி. ஆய்வேட்டிலிருந்து வருகிறது என்றாலும் அப்படியே. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது.

படம், வரைபடம், அட்டவணைக்கு மேற்கோள் மட்டும் போதாது; பதிப்புரிமை வேறு விஷயம். பெரிய பதிப்பகங்களின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் இணைப்பு இருக்கும். சிசி பை (CC BY), அதாவது உரியவர் பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில் வந்த படமென்றால் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் யாருடையது, எந்த உரிமம் என்பதை விளக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். கூகுளில் கிடைத்தது என்பது மூலம் ஆகாது.

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுரை தயாரான பிறகுதான் மென்பொருள். பல இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, அவற்றின் நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 'சோத்சுத்தி' திட்டத்தில் இந்த வசதியைத் தருகிறது. சில இடங்களில் டர்னிட்டின் என்ற மென்பொருளை வாங்கியிருப்பார்கள். நூலகத்தில் கேளுங்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ பெயர் தெரியாத இலவசத் தளத்திலோ வெளிவராத கட்டுரையை ஏற்றுவது ஆபத்து. அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

நூலகர் ஏற்றும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கட்டுரை மென்பொருளின் சேமிப்பில் பதிவாகக் கூடாது. பதிவாகிவிட்டால் பின்னால் மறுபடி சோதிக்கும்போது உங்கள் வரைவோடேயே ஒத்துப்போய், எண் எங்கோ போய் நிற்கும். முன்பதிப்பாக ஆர்க்சிவ் போன்ற தளத்தில் போட்டிருந்தாலும் இதே கதைதான். அதை ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிக்கலில்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அது ஒத்துப்போகும் சொற்களின் அளவுதான். திருட்டா இல்லையா என்பதை மனிதர்தான் படித்து முடிவுசெய்ய வேண்டும். மேற்கோள் பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருப்பவை நீக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மூலங்களின் பட்டியலுக்குப் போங்கள். 20 சதவீதம் வந்து, அது முப்பது மூலங்களிலிருந்து அரை சதவீதம், ஒரு சதவீதமாகச் சிதறியிருந்தால், பெரும்பாலும் துறைச்சொற்களும் வழக்கமான தொடர்களும்தான். ஒரே மூலத்திலிருந்து 7 சதவீதம் என்றால் நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் திறங்கள். நிறம் தீட்டிய பகுதி முழுப் பத்தியாக இருக்கிறதா, எந்தப் பிரிவில் இருக்கிறது, அங்கே மேற்கோள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தவறென்றால் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, உங்கள் குறிப்பிலிருந்து புதிதாக எழுதுங்கள். நிறம் மறையும்வரை சொல் சொல்லாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளிப்பது, எழுத்துக்குப் பதில் வேறு மொழியின் ஒத்த எழுத்தைப் போடுவது, பத்தியைப் படமாக்கி ஒட்டுவது போன்ற தந்திரங்களை யாராவது சொல்லிக்கொடுத்தால் விலகி நில்லுங்கள். எழுத்தை மாற்றுவதையும் ஒளிப்பதையும் மென்பொருளே இப்போது காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியர் அதைக் கண்டால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லக்கூட வழியிருக்காது.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பகுதி வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. தொண்ணூறுகளில் தட்டச்சு செய்தவை பலவும் யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றன. மென்பொருளுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. எனவே தமிழ்க் கட்டுரைக்கு இரண்டு சதவீதம் வந்ததென்றால் அதற்குப் பெரிய பொருள் கிடையாது. அறுபது ஆண்டுக்கு முன் ஒரு தமிழறிஞர் உழைத்துச் சொன்னதை, பெயரில்லாமல் எடுத்தாள இன்றும் எளிதாக முடிகிறது. முடிகிறது என்பதாலேயே இங்கே நம் கையிலிருக்கும் பொறுப்பு அதிகம்.

அனுப்புவதற்கு முன், சேர்ந்து எழுதியவர்களோடு ஒரு முறை

கட்டுரையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். 2011இல் 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' இதழில் சி.என்.ஆர். ராவ் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரையில், வேறொரு கட்டுரையின் சில வாக்கியங்கள் அப்படியே வந்திருந்தது தெரியவந்தது. ஆசிரியர்கள் அதே இதழில் வருத்தம் தெரிவித்தார்கள். ஆய்வு முடிவுகளைப் பற்றிக் கேள்வி எழவில்லை. ஆனாலும் நாடு முழுக்கச் செய்தியானது மூத்த விஞ்ஞானியின் பெயர்தான். ஆகவே யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று குறித்து வையுங்கள். முன்னுரையை எழுதியவரிடம், "இது எந்தெந்தப் பேப்பரைப் பார்த்து எழுதியது?" என்று கேளுங்கள். நெறியாளரிடம் இப்படிக் கேட்கத் தயக்கம் இருக்கும், "ரெஃபரன்ஸ் சரிபார்க்கிறேன் சார், இந்தப் பத்திக்கு மூலம் எது?" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால் காத்திருக்காதீர்கள். மதிப்பாய்வில் இருக்கும்போதே ஆசிரியருக்கு எழுதிவிட்டால் பெரும்பாலும் திருத்தத்தோடு முடிந்துவிடும். வெளிவந்த பிறகென்றால் திருத்தக் குறிப்பு அல்லது கட்டுரையைத் திரும்பப் பெறுதல். திரும்பப் பெற்ற கட்டுரை மறைந்துபோகாது. அந்த முத்திரையோடு இணையத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கட்டுரையை வேறொருவர் எடுத்திருந்தால்

இதுவும் நடக்கும். 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத் பெயரில் வந்த ஒரு கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் ரெனாட்டா கல்லோஷின் முந்தைய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று புகார் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்து, மறு ஆண்டு துணைவேந்தர் பதவி விலகினார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முகநூலில் பொங்குவதற்கு முன், இரண்டு கட்டுரைகளையும் இரண்டு பத்தியாக அருகருகே வைத்து, ஒத்துப்போகும் வரிகளுக்கு நிறம் தீட்டி, பக்க எண்ணும் வெளியான தேதியும் போட்டு ஒரு கோப்பு தயாரியுங்கள். அதை அந்த இதழின் முதன்மை ஆசிரியருக்கு அனுப்புங்கள். 'திருடன்' போன்ற சொல் எதுவும் வேண்டாம், வரிகள் பேசட்டும். கோப் அமைப்பில் உள்ள இதழென்றால் இப்படிப்பட்ட புகாரை எப்படி விசாரிப்பது என்பதற்கு வகுத்த படிநிலைகள் இருக்கின்றன. எடுத்தவரிடம் விளக்கம் கேட்பார்கள், தேவைப்பட்டால் அவர் நிறுவனத்துக்கும் எழுதுவார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். பதில் வராவிட்டால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள், பழைய கடிதங்களையும் இணைத்து.

அந்த நேரத்தில் உங்களுக்குத் துணைநிற்பவை உங்கள் தேதியிட்ட குறிப்புகளும் பழைய வரைவுகளும்தான். கட்டுரை வெளியானதும் அவற்றை அழித்துவிடாமல், மூலத் தரவோடு சேர்த்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி வையுங்கள்.